இண்டிகார்ல குடுமி யார் கையில இருக்குன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

அமெரிக்காவுல நடக்கிற இண்டிகார் ரேஸ் சீரிஸைப் புதுசா பாக்க ஆரம்பிச்சவங்க கொஞ்ச நாள்லயே ஒரு இடத்துல வந்து முட்டி நிப்பாங்க. ரேஸ் புரியும், பிட் ஸ்டாப் புரியும், ஓவல்ங்கிற நீள்வட்ட டிராக்ல முன்னாடி போற காரை ஒட்டிக்கிட்டே ஏன் போறாங்கன்னு புரியும், ஆனா நல்லா ஓடிட்டிருந்த டீம் ஏன் திடீர்னு மூடிச்சு, கூட்டம் அள்ளுன ஊர்ல ஏன் ரேஸ் நின்னுச்சு, 1996-ல இருந்து 2008 வரைக்கும் ஒரே நாட்டுக்குள்ள போட்டி போட்டுக்கிட்டு ரெண்டு சீரிஸ் எதுக்கு ஓடுச்சுன்னு கேட்டா பதில் டிராக்ல கிடைக்காது. பதில் வெளிய இருக்கு, ஜப்பான்ல ஒரு கம்பெனியோட போர்டு மீட்டிங்ல, நியூயார்க் பங்குச் சந்தையில, ஏதோ ஒரு ஊரோட மேயர் ஆபீஸ்ல. அதை எப்படித் தேடிப் படிக்கிறதுன்னு தான் இங்க எழுதப் போறேன். இந்த ரேஸிங்கை உயிரா நெனைக்கிற ரசிகர்கள் ஒவ்வொரு தடவையும் எல்லாம் முடிஞ்சப்புறம் தான் விஷயம் தெரிஞ்சு மனசு ஒடைஞ்சு போறாங்க, அது வேணாம்.

வெளியாளுன்னு நான் சொல்றது ரேஸ் நடத்தியும் ரேஸ் ஓட்டியும் மட்டுமே பொழப்பு பாக்காத எல்லாரையும். இன்ஜின் குடுக்கிற கார் கம்பெனி, டிவி சேனல், ஸ்பான்சர், தெருவுல ரேஸ் நடத்த வர்ற புரமோட்டர், பங்கு வாங்கின முதலீட்டாளர், ஃபார்முலா 1 பக்கத்துல இருந்து வர்ற ஆளு, வேற விளையாட்டுல இருந்து கூட்டிட்டு வந்த சிஇஓ, எல்லாரும் இதுல அடக்கம். இவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லவே இல்ல. இவங்க இல்லாம சக்கரம் வெளிய தெரியுற கார்கள் ஓடுற இந்த அமெரிக்க ஓப்பன் வீல் ரேஸிங் ஒரு சீசன் கூட ஓடாது. ஆனா ஒருத்தர் வர்றாருன்னு நியூஸ் வந்தா எல்லாரும் எவ்வளவு பணம் கொண்டு வர்றாருன்னு பாக்குறாங்க, அது தப்பான கேள்வி. நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான்: நாளைக்கே இவரு கிளம்பிட்டா யாருக்கு நஷ்டம் அதிகம், அவருக்கா ரேஸுக்கா? நஷ்டம் ரேஸுக்குத் தான்னா குடுமி அவர் கையில இருக்குன்னு அர்த்தம், ரூல்ஸ் புக்ல யார் பேரு இருந்தாலும் சரி.

முதல்ல இண்டி 500-ல இருந்து ஆரம்பிங்க

வேற எதைப் பாக்குறதுக்கு முன்னாடியும் இண்டியானாபொலிஸ் ஸ்பீட்வேயும் அங்க மே மாசம் நடக்குற 500 மைல் ரேஸும் எவ்வளவு பெருசுன்னு மனசுல பதிச்சுக்கோங்க. 1911-ல இருந்து நடக்குது, உலகப் போர் வந்த வருஷங்கள்ல மட்டும் தான் நின்னிருக்கு. ஸ்பான்சர் ஒருத்தர் செக் எழுதுறாருன்னா அந்த ஒரு நாளுக்காகத் தான் எழுதுறாரு, மத்த ரேஸ் எல்லாம் அதோட சேர்ந்து வர்றது. அதனால அந்த டிராக் யார் பேர்ல இருக்கோ அவங்க தான் இந்த பிசினஸ்ல கடைசி வார்த்தை பேசுறவங்க.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், அந்த டிராக்கை ரொம்ப காலம் வச்சிருந்த குடும்பமே ஆரம்பத்துல வெளியாளு தான். டோனி ஹல்மன் இண்டியானாவுல டெர்ரே ஹோட் ஊர்க்காரர், மொத்த மளிகை வியாபாரம், கிளாபர் கேர்ள்னு பேக்கிங் பவுடர் பிராண்ட் இருந்துச்சு. போர் நேரத்துல மூடிக் கிடந்து புல்லு மண்டிப் போன டிராக்கை 1945 நவம்பர்ல 7,50,000 டாலருக்கு எடி ரிக்கன்பேக்கர் கிட்ட இருந்து வாங்கினாரு, மூணு தடவை 500 ஜெயிச்ச வில்பர் ஷா தான் அலைஞ்சு திரிஞ்சு அவரைப் புடிச்சுக் கொண்டு வந்தது. அப்புறம் 70 வருஷத்துக்கு மேல அந்தக் குடும்பம் தான் அங்க எல்லாம். 2019 நவம்பர்ல டீம் முதலாளி ரோஜர் பென்ஸ்கே டிராக்கையும் சீரிஸையும் சேர்த்து வாங்குறதா அறிவிச்சு, 2020 ஜனவரியில கை மாறுச்சு.

ஹல்மன் கதையில இருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது இது தான். வெளியாளுங்கள்ல வாடகைக்கு வந்தவங்க யாரு, மனை வாங்கி வீடு கட்டினவங்க யாருன்னு பிரிச்சுப் பாக்கணும். மண்ணுல பணத்தைப் போட்டவங்க சட்டுனு போக முடியாது, போக முடியாதவங்க தான் கஷ்ட காலத்துல கூட நிப்பாங்க. இத்தாலிக்காரங்க டல்லாராவைப் பாருங்க, 2012-ல புது கார் கொண்டு வந்தப்போ ஸ்பீட்வே ஊருக்குள்ளயே டிராக்குக்குப் பக்கத்துல கட்டடம் திறந்தாங்க, இண்டியானா மாநில அரசும் அதுக்கு உதவி பண்ணுச்சு. அந்த 2012 காரோட அடிப்படை தான் மாத்தி மாத்தி இத்தனை வருஷமா ஓடுது. ஒரே கம்பெனி கிட்ட மட்டும் சேசிஸ், அதாவது காரோட உடம்பு, வாங்கணும்ங்கிற நிலைமை எனக்குப் பிடிக்கல, பல கம்பெனி கார் மோதுன காலம் தான் அழகுன்னு இன்னைக்கும் சொல்லுவேன், ஆனா டல்லாரா ஓடிப் போகும்னு பயந்து யாரும் தூக்கம் கெடல.

இன்ஜின் கம்பெனி: இங்க தான் நேரம் செலவு பண்ணிப் படிக்கணும்

ஒரு விஷயத்தை மட்டும் தான் ஃபாலோ பண்ண முடியும்னா இன்ஜின் கம்பெனியை ஃபாலோ பண்ணுங்க. காரணம் சுலபம், ஸ்பான்சர் போனா வேற ஸ்பான்சர் தேடலாம், இன்ஜின் போனா கார் ஸ்டார்ட்டே ஆகாது. இன்ஜின் குடுக்கிறவங்க தான் எந்த டீமுக்கு நல்ல டீல், எந்த டிரைவருக்கு சீட், எந்த ஊர்ல ரேஸ்ங்கிற வரைக்கும் பேசுற இடத்துக்கு வந்துடுறாங்க.

ஹோண்டா கதையை வரிசையாப் பாத்தா மொத்தமும் புரிஞ்சுடும். 1994-ல ராஹல் ஹோகன் டீமோட வந்தாங்க, அந்த வருஷம் இண்டியில கார் வேகமே வரல, கடைசியில டீம் ஹோண்டாவை ஓரமா வச்சுட்டு பென்ஸ்கே கார் வாடகைக்கு எடுத்து ஓடுச்சு, பாபி ராஹல் அதுல மூணாவது வந்தாரு. ஒரு கம்பெனிக்கு இதை விட அவமானம் வேணாம். ஆனா ஹோண்டா போகல. 1996-ல இருந்து 2001 வரைக்கும், அப்போ இருந்த ரெண்டு சீரிஸ்ல ஒண்ணான கார்ட்ல ஒவ்வொரு வருஷமும் சாம்பியன் காருக்குள்ள ஹோண்டா இன்ஜின் தான். அப்போ டொயோட்டாவும் 1996-ல உள்ள வந்துடுச்சு, ஃபோர்டு இருக்கு, மெர்சிடஸ் இருக்கு, பாக்குறதுக்கு பொற்காலம் மாதிரி இருந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள நடத்துறவங்க கையில இருந்து லகான் நழுவிட்டு இருந்துச்சு.

அது எப்படி நழுவுச்சுன்னு பாக்கணும்னா 2001 ஜூன்ல டெட்ராய்ட் ரேஸுக்குப் போங்க. கார்ட் கார்ல டர்போ எவ்வளவு அழுத்தம் குடுக்கலாம்னு ஒரு அளவு உண்டு, அதைக் கட்டுப்படுத்த இன்ஜின் மேல பாப் ஆஃப் வால்வுன்னு ஒண்ணு மாட்டுவாங்க, அழுத்தம் அளவைத் தாண்டுனா வால்வு திறந்து காத்தை வெளிய விட்டுடும். அந்த வால்வு டீமோடது இல்ல, சீரிஸ் ஆளுங்க கையால குடுக்கிறது, யாரும் நோண்டக் கூடாதுன்னு தான் அந்த ஏற்பாடு. ஆனா இன்ஜினியர்கள் வால்வைத் தொடாமலேயே, அதுக்குக் கீழ காத்து ஓடுற விதத்தை மாத்தி வால்வு லேட்டா திறக்கிற மாதிரி வழி கண்டுபிடிச்சுட்டாங்கன்னு பேச்சு வந்துச்சு, உடனே கார்ட் ரேஸ் வார இறுதியில வந்து வால்வுக்கு அடியில ஒரு ஸ்பேசர் தகடு போடணும்னு சொல்லிடுச்சு. ஹோண்டாவும் ஃபோர்டும் எதிர்த்து அப்பீல் போனாங்க, அப்பீல் அவங்க பக்கம் முடிஞ்சுது. கடைசியில என்னாச்சுன்னா ஹோண்டாவுக்கு தங்களைத் திருடன் மாதிரி நடத்துனாங்கன்னு கோவம், டொயோட்டாவுக்கு போட்டிக்காரங்களைத் தப்பிக்க விட்டுட்டாங்கன்னு கோவம், ரெண்டு பக்கமும் சீரிஸ் மேல நம்பிக்கை போச்சு. 2003 வந்தப்போ டொயோட்டாவும் ஹோண்டாவும் எதிர் முகாமான ஐஆர்எல்ல (இண்டி 500 இருந்த இன்னொரு சீரிஸ், இன்னைக்கு இண்டிகார்னு சொல்றது அதோட வாரிசு தான்) இருந்தாங்க, மெர்சிடஸ் அதுக்கு முன்னாடி 2000 சீசனோட கிளம்பியாச்சு. கையளவு தகடு ஒண்ணு ஒரு சீரிஸை முடிச்சுதுன்னு சொல்றது மிகை, ஏற்கனவே நோய் முத்திப் போயிருந்துச்சு, ஆனா கடைசி நூலு அங்க தான் அறுந்துச்சு.

இதுல இருந்து ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கோங்க: இன்ஜின் ரூல் ஏதாவது சீசன் நடுவுல மாறுனா, யாருக்கு லாபம்னு பாக்குறதோட நிறுத்தாதீங்க, யாரு பத்திரிகை அறிக்கை விடாம அமைதியா இருக்காங்கன்னு பாருங்க. முடிவு எடுத்துட்டவங்க தான் சத்தம் போட மாட்டாங்க.

ஹோண்டாவோட அடுத்த பக்கத்தையும் பாக்கணும், இல்லைன்னா நியாயம் இல்ல. 2005 முடிஞ்சப்போ டொயோட்டாவும் ஷெவர்லேவும் இண்டிகார்ல இருந்து போயிட்டாங்க, 2006-ல இருந்து 2011 வரைக்கும் ஹோண்டா தனி ஆளா எல்லா டீமுக்கும் இன்ஜின் குடுத்துச்சு. 2006 இண்டி 500-ல 33 கார், எல்லாத்துலயும் ஹோண்டா, ஒரு இன்ஜின் கூட உடையல. அவங்க மட்டும் அன்னைக்கு கையை விரிச்சிருந்தா இன்னைக்கு நம்ம பாக்க இண்டிகாரே இருந்திருக்காது. ஆனா அந்த உதவிக்கும் ஒரு விலை இருந்துச்சு, அது 2008 ஏப்ரல் 20-ல தெரிஞ்சுது. பிப்ரவரியில தான் ரெண்டு சீரிஸும் ஒண்ணா சேர்ந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா காலண்டர்ல அதே வார இறுதியில ரெண்டு ரேஸ். ஒண்ணு கலிஃபோர்னியாவுல லாங் பீச், கார்ட் வழி வந்த பக்கத்தோட பெரிய ரேஸ். இன்னொண்ணு ஜப்பான்ல மோட்டேகி, அந்த டிராக் ஹோண்டாவுக்கே சொந்தம். மோட்டேகி தேதியை நகத்த முடியல. அதனால இப்பத் தான் ஒண்ணா சேர்ந்த குடும்பம் பசிபிக் கடலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதின்னு பிரிஞ்சு நின்னு ரெண்டு ரேஸ் ஓடுச்சு, ரெண்டுக்கும் ஒரே சாம்பியன்ஷிப்ல பாயிண்ட்ஸ். லாங் பீச்ல வில் பவர் ஜெயிச்சாரு, மோட்டேகியில டேனிகா பேட்ரிக் ஜெயிச்சாங்க, இண்டிகார் ரேஸ் ஜெயிச்ச முதல் பெண், ஆனா அமெரிக்காவுல பாதி ரசிகர்கள் தூங்கிட்டு இருந்த நேரம். ஒரே ஒரு இன்ஜின் கம்பெனியை நம்பி இருந்தா என்ன ஆகும்னு இதை விடத் தெளிவா எதுவும் காட்டாது.

இப்போவும் ஹோண்டா, ஷெவர்லே ரெண்டே பேரு தான். 2023 டிசம்பர்ல ஹோண்டா பக்கத்துல இருந்து செலவு குறையலைன்னா 2026-க்கு அப்புறம் இருக்க மாட்டோம்னு வெளிப்படையாவே பேசுனாங்க. அந்த மாதிரி பேச்சு வரும்போது அதை மிரட்டல்னு ஒதுக்காதீங்க, சும்மா வாய்ப்பேச்சுன்னும் விடாதீங்க, பேச்சுவார்த்தையோட தொடக்கம்னு எடுத்துக்கிட்டு அடுத்த ரெண்டு வருஷத்துக்கு ரூல்ஸ்ல என்ன விட்டுக் குடுக்கிறாங்கன்னு குறிச்சு வச்சுக்கிட்டே வாங்க.

பேரை மட்டும் கொண்டு வர்றவங்க கிட்ட ரொம்பவே ஜாக்கிரதை. 2012-ல லோட்டஸ்னு மூணாவது இன்ஜின் வந்துச்சு. 1965-ல ஜிம் கிளார்க் இண்டி ஜெயிச்ச பேரு அது, எல்லாருக்கும் உணர்ச்சி பொங்குச்சு. ஆனா இன்ஜின் லேட்டா வந்துச்சு, எண்ணிக்கை கம்மி, சக்தி கம்மி, டீம்கள் ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு, மே மாசம் இண்டியில லோட்டஸ் இன்ஜினோட ரெண்டே கார், ஜான் அலெஸியும் சிமோனா டி சில்வெஸ்ட்ரோவும். ரேஸ் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ரொம்ப மெதுவா போறாங்க, பின்னாடி வர்றவங்களுக்கு ஆபத்துன்னு ரெண்டு பேருக்கும் கறுப்புக் கொடி. சீசனோட லோட்டஸ் போயிடுச்சு. காரணம் தேடுனா மலேசியாவுக்குப் போகணும், லோட்டஸ் அப்போ புரோட்டான் கம்பெனி கையில, அந்த புரோட்டானே 2012 தொடக்கத்துல வேற முதலாளிக்கு கை மாறுச்சு, புது முதலாளிக்கு இந்தக் கனவு எல்லாம் வேணாம். அதனால புது இன்ஜின் கம்பெனின்னு நியூஸ் வந்தா, அந்த கம்பெனிக்கு முதலாளி யாரு, அவரு மாறப் போறாரான்னு பாத்துட்டு அப்புறம் சந்தோஷப்படுங்க.

ஸ்பான்சர்: ஸ்டிக்கரைப் பாக்காதீங்க, ஒப்பந்தத்தைப் பாருங்க

டைட்டில் ஸ்பான்சர் பேரு மாறிக்கிட்டே இருக்கும், இஸோட், வெரைசன், 2019-ல இருந்து ஜப்பானோட என்டிடி, இதுல பெருசா படிக்க ஒண்ணும் இல்ல. டீமோட ஸ்பான்சர்ல தான் விஷயம் இருக்கு. சீரிஸ் பிரிஞ்சிருந்த காலத்துல கார்ட் டீம்கள் இண்டி 500-க்குப் போகாம நின்னாங்க. 2000-ல சிப் கனாசி டீம் ஸ்பான்சர் டார்கெட் கடையோட கலர்ல திரும்பிப் போய், வான் பாப்லோ மோன்டோயா முதல் தடவையிலேயே ஜெயிச்சுட்டாரு. 2001-ல பென்ஸ்கே போனாரு, ஆனா 1998-ல அமெரிக்க மாநிலங்களும் சிகரெட் கம்பெனிகளும் போட்ட ஒப்பந்தப்படி ஒரு கம்பெனிக்கு ஒரு பிராண்ட் ஸ்பான்சர்ஷிப் தான், பென்ஸ்கேவோட ஸ்பான்சர் மார்ல்பரோ சிகரெட் அதை கார்ட்ல பயன்படுத்தியாச்சு, அதனால இண்டியில அந்தக் கார்கள்ல மார்ல்பரோ பேரே இல்லாம ஹீலியோ காஸ்ட்ரோநெவெஸ் ஜெயிச்சாரு. ஸ்பான்சரா யோசிச்சுப் பாருங்க, கோடி கோடியா குடுக்கிறீங்க, உங்க டீம் உலகத்தோட பெரிய ரேஸை ஜெயிக்குது, உங்க பேரு மட்டும் கார்ல இல்ல. அடுத்த வருஷம் 2002-ல பென்ஸ்கே டீம் மொத்தமா ஐஆர்எல் பக்கம் போயிடுச்சு. தத்துவம், கொள்கைன்னு எவ்வளவோ பேசுனாங்க, கடைசியில ஸ்பான்சருக்கு மே மாசம் வேணும், அவ்வளவு தான்.

ஆக ஒரு டீம் ஏதாவது பெரிய முடிவு எடுத்தா, அந்த டீமோட பெரிய ஸ்பான்சருக்கு எந்த நாள்ல எந்த இடத்துல பேரு தெரியணும்னு கேளுங்க, பாதி பதில் வந்துடும். பணம் கொண்டு வர்ற டிரைவர்களுக்கும் இதே கணக்கு, அவங்க பின்னாடி இருக்கிற குடும்பமோ நாடோ கம்பெனியோ எது வரைக்கும் செக் எழுதும்னு பாத்தா அந்த சீட்டோட ஆயுசு தெரியும்.

பங்குச் சந்தை

இதைச் சுருக்கமா சொல்லிடறேன், சொல்லவே வருத்தமா இருக்கு. டீம் முதலாளிங்க சேர்ந்து 1978-ல உருவாக்குன அமைப்பு கார்ட், டீம் முதலாளி டான் கர்னி எழுதுன ஒரு அறிக்கையில இருந்து பொறந்துச்சு, அவரே ஃபார்முலா 1-ல பெர்னி எக்கிள்ஸ்டோன் டீம்களைச் சேர்த்து நடத்துன விதத்தைத் தான் முன்மாதிரியா காட்டுனாரு. இருபது வருஷம் கழிச்சு 1998 மார்ச்ல அதே கார்ட் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போச்சு, பங்கு 16 டாலர். முதலாளிகளுக்கு நல்ல காசு. ஆனா அதுக்கப்புறம் ஒரு ரேஸை ரத்து பண்ணுனா கூட பங்கு விலை விழும், 2001-ல டெக்சஸ் ஓவல்ல டிரைவர்களுக்குத் தலை சுத்துதுன்னு டாக்டர்கள் சொல்லி ரேஸை நிறுத்துனப்போ அது சரியான முடிவு, உயிரைக் காப்பாத்துன முடிவு, ஆனா டிராக்காரங்க கேஸ் போட்டாங்க. 2003-ல பங்குக்கு 56 சென்ட் விலை பேசுற நிலைமைக்கு வந்துடுச்சு. 2004 ஜனவரியில திவால் கோர்ட்ல ஐஆர்எல் பக்கம் அதிகப் பணம் தரேன்னு நின்னப்போ கூட, ஏற்கனவே போட்ட ரேஸ் ஒப்பந்தங்களை மதிச்சு நடத்துறோம்னு சொன்ன ஜெரால்ட் ஃபோர்சைத், கெவின் கால்கோவன், பால் ஜென்டிலோஸி குழுவுக்கு நீதிபதி குடுத்தாரு. டிராக்ல ஒரு சக்கரம் சுத்தாத ஆளு, ஒரு நீதிபதி, அந்த சீரிஸோட தலையெழுத்தை எழுதுனாரு.

பங்கு விக்கப் போறோம்னு எந்த ரேஸிங் அமைப்பு சொன்னாலும், விக்கிறவங்க யாரு, வித்த காசு ரேஸுக்குள்ள வருதா இல்ல விக்கிறவங்க பாக்கெட்டுக்குப் போகுதான்னு பாருங்க. கார்ட்ல அந்தக் கேள்வியை சத்தமா கேக்க ஆள் இல்லாம போச்சு.

தெரு ரேஸ் நடத்த வர்றவங்க

புது ஊர்ல ரேஸ்னு போஸ்டர் வந்தா டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தேடுங்க, ஊர் நிர்வாகம் எழுத்துல என்ன ஒத்துக்கிச்சு, புரமோட்டர் இதுக்கு முன்னாடி என்ன நடத்தியிருக்காரு. பாஸ்டன்ல 2016 செப்டம்பர்ல ரேஸ்னு டிக்கெட் எல்லாம் வித்தாங்க, ஏப்ரல்லயே ரத்து, புரமோட்டர் திவால், காசு குடுத்த ரசிகர்கள் அலைஞ்சாங்க. பால்டிமோர்ல 2011-ல முதல் ரேஸுக்கு நல்ல கூட்டம், ஆனா நடத்துனவங்க வரி கூட கட்டல, அடுத்த வருஷம் வேற ஆளு, 2013-ஓட கதை முடிஞ்சுது. இதுக்கு எதிர்ப்பக்கம் லாங் பீச், 1975-ல கிறிஸ் பூக் ஆரம்பிச்சாரு, ஃபார்முலா 1 போனப்போ 1984-ல இண்டி கார்களைக் கூப்பிட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அந்த ஊரோட அடையாளமே அந்த ரேஸ். 2026-ல ஆர்லிங்டன்ல டல்லாஸ் கவ்பாய்ஸ் ஃபுட்பால் டீமும் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் டீமும் கூட சேர்ந்து நடத்துற ரேஸ் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, ஏன்னா அவங்க ஸ்டேடியமே அங்க தான் இருக்கு, அவங்களால ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போக முடியாது.

வேற விளையாட்டுல இருந்து வர்ற சிஇஓ பத்தி அதிகம் சொல்லத் தேவையில்ல. 2010-ல ராண்டி பெர்னார்ட் காளை மேல ஏறி சவாரி பண்ற போட்டி அமைப்புல இருந்து வந்தாரு, ரசிகர்கள் பேச்சைக் கேட்டாரு, டீம் முதலாளிங்க ஆதரவு இல்லாம 2012-ல போயிட்டாரு. அப்புறம் டென்னிஸ்ல இருந்து வந்த மார்க் மைல்ஸ் நீண்ட நாள் நின்னுட்டாரு. வித்தியாசம் ஆளோட திறமையில மட்டும் இல்ல, அவரை வேலைக்கு வச்சவங்க பின்னாடி நிக்கிறாங்களான்னு தான்.

அப்போ உள்ளாளுங்க மட்டும் போதுமே?

இப்படிக் கேக்குறவங்க நிறைய. போதாது. பென்ஸ்கே இந்த விளையாட்டுக்கு செஞ்சது கொஞ்ச நஞ்சம் இல்ல, 2020-ல கொரோனா நேரத்துல டிராக்கைத் தாங்கிப் புடிச்சதை மறக்கவே கூடாது. ஆனா சீரிஸும் அவருது, டிராக்கும் அவருது, ஜெயிக்கிற டீமும் அவருது. 2024-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரேஸ்ல பென்ஸ்கே கார்கள்ல கொஞ்ச நேரம் கூடுதல் சக்தி குடுக்கிற புஷ் டு பாஸ் பட்டன் வேலை செய்யக் கூடாத நேரத்துல வேலை செஞ்சது தெரிஞ்சு ஜோசஃப் நியூகார்டனோட வெற்றியைப் பறிச்சாங்க. 2025 இண்டி 500 தகுதிச் சுற்றுல அதே டீமோட ரெண்டு கார்ல பின்பக்கம் மோதல் அதிர்ச்சியைத் தாங்குறதுக்கு இருக்கிற அட்டென்யூவேட்டரை மாத்தி வச்சிருந்தது தெரிஞ்சுது, ரெண்டு காரும் கடைசிக்குப் போச்சு, டீமோட மூணு பெரிய தலைகளை பென்ஸ்கே வேலையை விட்டு அனுப்புனாரு. அதுக்கப்புறம் தான் நடுவர் வேலையைத் தனி அமைப்பு கிட்ட குடுக்குறதுன்னு முடிவு வந்துச்சு. வெளியாளு தேவைப்படுற முக்கியமான நாற்காலி நடுவர் நாற்காலி தான், அதை இவ்வளவு காலம் காலியா விட்டு வச்சது பெரிய தப்பு, வந்தது ரொம்ப நல்லது.

இப்போ ஃபாக்ஸை வச்சு செஞ்சு பாருங்க

டிவி பத்தி இது வரைக்கும் பேசாம இருந்ததுக்குக் காரணம் இது தான், இப்போதைக்கு நடக்கிற பெரிய கதை அது. 2009-ல இண்டிகார் நிறைய ரேஸை வெர்சஸ்னு ஒரு சின்ன கேபிள் சேனலுக்குக் குடுத்துச்சு, காசு வந்துச்சு, ஆனா வீட்ல அந்த சேனலே வராதவங்க ஏராளம், ஸ்பான்சர்களுக்கு ஆள் கணக்கு காட்ட முடியாம டீம்கள் தவிச்சாங்க. 2025-ல ஃபாக்ஸ் 17 ரேஸையும் அமெரிக்கா முழுக்க ஆன்டெனாவுலயே வர்ற மெயின் சேனல்ல போட்டுச்சு, அமெரிக்க ஃபுட்பால் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல்ல டிரைவர்களை வச்சு விளம்பரம் பண்ணுச்சு. அதே வருஷம் ஜூலை கடைசியில பென்ஸ்கே என்டர்டெயின்மென்ட்ல மூணுல ஒரு பங்கை ஃபாக்ஸ் வாங்கிடுச்சு, அதுக்குள்ள சீரிஸும் இருக்கு, ஸ்பீட்வேயும் இருக்கு.

இப்போ கேள்வியைப் போடுங்க. முன்னாடி ஃபாக்ஸ் போயிருந்தா நஷ்டம் ரேஸுக்கு மட்டும் தான், அவங்களுக்கு அந்த நேரத்துல வேற ஏதாவது போட்டுக்கலாம். பங்கு வாங்குனப்புறம் போனா அவங்க போட்ட காசும் கரையும். அதனால ஹல்மன் பக்கம், டல்லாரா பக்கம் தான் இதை நான் வைக்கிறேன், கால் ஊனிட்டாங்க. ஆனா டீம் முதலாளிகளைப் பாருங்க, 2024-ல 25 சார்ட்டர், அதாவது ரேஸ்ல ஓடுற உறுதியான இடம், குடுத்தாங்க, ஒருத்தருக்கு அதிகபட்சம் மூணு, அதுல கூட இண்டி 500-ல இடம் உறுதின்னு இல்ல. அவங்க கையில இருக்கிறது ஓடுற உரிமை, ஃபாக்ஸ் கையில இருக்கிறது டிராக்ல ஒரு பங்கு. இந்த ரெண்டும் ஒண்ணு இல்ல.

அதனால இனிமே பாக்க வேண்டியது மூணு இடம். காலண்டர்ல ரேஸ் ஆரம்பிக்கிற நேரமும் தேதியும் யாரு வசதிக்கு நகருதுன்னு வருஷா வருஷம் எழுதி வச்சுக்கோங்க, அமெரிக்க ஃபுட்பால் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சுடுதான்னு பாருங்க. சார்ட்டர் புதுப்பிக்கிற பேச்சு வரும்போது டீம்களுக்கு டிவி பணத்துல பங்கு கேக்குறாங்களான்னு பாருங்க. எல்லாத்தையும் விட முக்கியம், அடுத்த டிவி உரிமை ஏலம் வர்ற நாள்: விக்கிற கம்பெனியில மூணுல ஒரு பங்கு ஃபாக்ஸோடது, வாங்க வர்றதும் ஃபாக்ஸ் தான். அன்னைக்கு வேற ஒரு சேனல் அதிக விலை சொன்னா ஃபாக்ஸ் பிரதிநிதி அந்த அறையில இருந்து எழுந்து போறாரா இல்ல உக்காந்து ஓட்டுப் போடுறாரான்னு தேடிப் படிங்க.